குடும்ப நீதிமன்றத்தில் என் கால் லிஸ்ட்: யார் எடுத்தது, எப்படித் தெரிந்துகொள்வது?

#1 கரிசல்வெளி

வணக்கம். நான்கு வருஷமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. சட்டம் தெரிந்தவர்களும் டெலிகாமில் வேலை பார்த்தவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எனக்கு விவாகரத்து வழக்கு நடக்கிறது. போன வாய்தாவில் எதிர்த்தரப்பு ஒரு ஆவணம் தாக்கல் செய்தது. 43 பக்கம். என் நம்பருக்கு எட்டு மாதமாக வந்ததும் போனதுமான எல்லா அழைப்புகளும் அதில் இருந்தன. சில நம்பர்களுக்கு மட்டும் மஞ்சள் மார்க்கர் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என் மேலாளருடையது. இன்னொன்று நான் மாதம் இரண்டு முறை பேசிய மனநல ஆலோசகருடையது. அவரைப் பற்றி என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த நம்பரைச் சத்தமாக வாசித்து, "இது யார்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் நின்றதையும் ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சிம் என் பெயரில்தான் இருக்கிறது. போன் என் கையை விட்டுப் போகவில்லை. யாருக்கும் ஓடிபி கொடுத்ததில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, "நாங்கள் யாருக்கும் தருவதில்லை மேடம்" என்று முடித்துக்கொண்டார்கள். என் வக்கீல், "இதெல்லாம் வெளியே கிடைக்கும்மா, விடுங்க" என்கிறார். என்னால் விட முடியவில்லை.

சட்டப்படி இதை யார் எடுக்கலாம்? என் விஷயத்தில் எடுத்தது யார் என்று நான் தெரிந்துகொள்ள வழி உண்டா?

#2 தேன்சிட்டு

படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

#3 ஸ்விட்ச்ரூம்

சகோதரி, ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களில் என்னென்ன பத்திகள் இருக்கின்றன? நம்பர், தேதி, நேரம், எத்தனை வினாடி என்பதோடு நிற்கிறதா, இல்லை ஃபர்ஸ்ட் செல் ஐடி, லாஸ்ட் செல் ஐடி (அழைப்பு தொடங்கிய, முடிந்த டவர் பகுதிகளின் எண்கள்), ஐஎம்இஐ (போன் கருவியின் அடையாள எண்) என்றும் இருக்கிறதா? உள்வரும் அழைப்புகளும் இருக்கின்றனவா? இதைப் பொறுத்துத்தான் பதில்.

#4 கரிசல்வெளி

இப்போது எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 11 பத்திகள். ஃபர்ஸ்ட் செல், லாஸ்ட் செல் இரண்டும் இருக்கின்றன. 15 இலக்க ஐஎம்இஐ இருக்கிறது, அது என் போனுடையதுதான். உள்வரும் அழைப்புகளும் எஸ்எம்எஸ்களும் இருக்கின்றன. சில செல் எண்களுக்குப் பக்கத்தில் பேனாவால் ஏரியா பெயர் எழுதியிருக்கிறார்கள்.

#5 ஸ்விட்ச்ரூம்

அப்படியென்றால் அது உங்கள் பில் கிடையாது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விவரப் பட்டியலில் நீங்கள் செய்த அழைப்புகள் வரும், கட்டணம் வரும். டவர் எண்ணும் ஐஎம்இஐயும் வராது. உங்கள் கணக்கில் யாராவது நுழைந்து இறக்கியிருந்தாலும் அந்தப் பத்திகள் கிடைத்திருக்காது. உங்கள் கையில் இருப்பது முழு சிடிஆர், அதாவது நிறுவனம் தனக்குள் வைத்திருக்கும் அழைப்பு விவரப் பதிவு. அது நிறுவனத்தின் நோடல் பிரிவிலிருந்து, அதாவது அரசுக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் பிரிவிலிருந்து, விசாரணை அமைப்புகளுக்குப் போகும் வடிவம். ஒன்று, காவல் துறையிலிருந்து கோரிக்கை போய் வெளியே வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுவனத்துக்குள்ளேயே யாரோ எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது வழி எனக்குத் தோன்றவில்லை.

நான் 2009 முதல் ஆறு வருஷம் ஒரு நிறுவனத்தில் அந்தப் பிரிவுக்குப் பக்கத்து அறையில் வேலை பார்த்தேன். கோரிக்கைகள் மின்னஞ்சலில் வரும். அனுப்பியவரின் முகவரி ஏற்கெனவே பதிவு செய்த அதிகாரியின் முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தினால் கோப்பு போய்விடும். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, கேட்கும் இடத்திலும் அவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் விழும். அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டவர் பத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று செக்டர் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரி. செல் ஐடி கிடைத்தால் டவர் மட்டுமல்ல, டவருக்கு எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்பதும் தெரியும். எட்டு மாதப் பட்டியல் என்றால் எங்கே தூங்கினீர்கள், எந்தக் கிழமை எந்தப் பக்கம் போனீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று வரைந்துவிடலாம். "பேசியதைக் கேட்கவில்லையே, வெறும் லிஸ்ட்தானே" என்று சொல்பவர்களுக்கு இது புரிவதில்லை. பேச்சை ஒட்டுக்கேட்க ஒரு ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும். லிஸ்டுக்கு ஒரு எக்செல் போதும்.

#6 நீதிமன்றப்படி

மேடம், நான் வழக்கறிஞர், குடும்ப வழக்குகளும் பார்க்கிறேன். உங்கள் வக்கீலைக் குறை சொல்லவில்லை, ஆனால் "வெளியே கிடைக்கும்" என்பது சட்டம் அல்ல.

முதலில் யார் எடுக்கலாம் என்பது. காவல் துறை ஒரு விசாரணைக்காக எடுக்கலாம். இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 94, முன்பு குற்ற நடைமுறைச் சட்டம் பிரிவு 91. நடைமுறையில் எஸ்.பி. நிலை அதிகாரி வழியாகக் கோரிக்கை போக வேண்டும். இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 2013இல், அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் அழைப்புப் பட்டியலை ஒரு டெல்லி கான்ஸ்டபிள் கேட்டது வெளியே வந்தது. கோரிக்கை ஒரு உதவி ஆணையரின் அலுவலக மின்னஞ்சலிலிருந்து போயிருந்தது. ஸ்விட்ச்ரூம் சொன்ன "முகவரி பொருந்தினால் கோப்பு போய்விடும்" என்பதன் விளைவு அதுதான். 2018இல் தானேயில் தனியார் துப்பறிவாளர்கள் சிடிஆர் விற்றதாகக் கைது செய்யப்பட்டார்கள். ஆக, சந்தை ஒன்று இருக்கிறது, அதற்குச் சரக்கு உள்ளேயிருந்து போகிறது.

கணவருக்கோ மனைவிக்கோ, அவர்கள் அமர்த்திய ஏஜென்சிக்கோ எந்த உரிமையும் கிடையாது.

உங்களுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். கணவர் மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் பெற்று விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்திருந்தார். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழிலும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். தம்பதிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற ஆதாரத்தை ஏற்க முடியாது என்று நீதிபதி அதைத் தள்ளினார்.

ஆனால் இதோடு நின்றால் நான் உங்களுக்குப் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் வேறொரு குடும்ப வழக்கில், வாழ்க்கைத் துணையின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாவும் சாட்சியாக ஏற்கத்தக்கது என்றது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984 பிரிவு 14 வேறு, எந்த ஆவணத்தையும் பார்க்க நீதிமன்றத்துக்குத் தாராளமான அதிகாரம் தருகிறது. எதிர்த்தரப்பு இதைத்தான் கையில் எடுக்கும். உங்கள் பதில் இப்படி இருக்கலாம்: அங்கே பதிவு செய்தவர் அந்த உரையாடலில் பங்கு பெற்றவர். இங்கே உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் பூட்டி வைத்திருந்த தரவு, சட்ட அதிகாரமில்லாமல் வெளியே வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

#7 ஓய்வுக்காக்கி

தங்கச்சி, உங்களுக்கு நடந்தது அநியாயம். 31 வருஷம் காவல் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வெட்கம் உண்டு. எடுத்துக் கொடுத்தவன் எங்கள் ஆளாக இருந்தால் அவன் உள்ளே போக வேண்டும்.

ஆனால் இந்த இழை போகிற போக்கில் எல்லோரும் "போலீஸுக்கு சிடிஆரே கொடுக்கக் கூடாது" என்று முடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று காணாமல் போய் 19 மணி நேரம் கழித்து உயிரோடு கிடைத்த வழக்கில் நான் இருந்தேன். கடத்தியவன் ஒரே ஒரு தடவை, 40 வினாடி, பேசினான். அந்த 40 வினாடிக்கு ஒரு டவர் கிடைத்தது. அந்த டவர் இல்லையென்றால் அந்தக் குழந்தை இல்லை. அன்றைக்கு ஒரு நீதிபதியைத் தேடிப் போய் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாங்கள் ஊரைக் கண்காணிக்க இதைப் பயன்படுத்தவில்லை. பெரும்பாலான நாள் திருட்டுப் போன போனையும் தொலைந்துபோன பிள்ளையையும் தேடத்தான் பயன்படுத்தினோம்.

#8 கரிசல்வெளி

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அந்தக் குழந்தை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். போலீஸுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் லிஸ்டை யார் எடுத்தார்கள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை என்பதுதான் என் குறை. அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யாமல் கையில் வைத்துக்கொண்டு என்னை மிரட்டியிருந்தால், எனக்குக் கடைசிவரை தெரிந்தே இருக்காது. எத்தனை பேருடையது இப்படிப் போயிருக்கும்?

நீதிமன்றப்படி சார், சான்றிதழில் கையெழுத்து என் கணவருடையதுதான்.

#9 மூன்றாம்வரிசை

சட்டக் கல்லூரி மாணவன். கரிசல்வெளி அக்கா கடைசியாகக் கேட்டதுதான் இந்த விஷயம் முழுவதற்கும் மையம் என்று நினைக்கிறேன். ஒட்டுக்கேட்புச் சட்டத்தின் கதையும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கிறது. செமினாருக்காகப் படித்தது, கொஞ்சம் நீளமாக வரும்.

138 வருஷம் நம் தொலைபேசிகளை ஆண்டது 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். பிரிவு 5(2) படி முதலில் "பொது அவசரநிலை" இருக்க வேண்டும், அல்லது "பொதுப் பாதுகாப்பு" நலன் இருக்க வேண்டும். அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத் தூண்டலைத் தடுத்தல் என்ற காரணங்களுக்கு வர முடியும். இரண்டு படி. ஆனால் எப்படி உத்தரவு போடுவது, யார் சரிபார்ப்பது என்று விதி எதுவும் இல்லை. 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவி விலகினார். அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை சிபிஐ அறிக்கை ஒன்று சொன்னது. அதன் பிறகு மக்கள் சிவில் உரிமைக் கழகம், அதாவது பியூசிஎல், உச்ச நீதிமன்றம் போனது.

1996 டிசம்பர் 18 தீர்ப்பு. தொலைபேசியில் பேசுவது அந்தரங்க உரிமையின் பகுதி என்றது. உள்துறைச் செயலர்தான் உத்தரவிட வேண்டும், ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் கொடுத்தது. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை, சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த வழிகாட்டுதல்களுக்காக விதி 419ஏ 1999இல் வந்தது, அது முழு வடிவம் பெற 2007 ஆகிவிட்டது. உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது.

ஓய்வுக்காக்கி ஐயா கேட்ட அவசரத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. நேரமில்லாதபோது அமைப்பின் மூத்த அதிகாரியே, மாநிலத்தில் ஐ.ஜி. நிலையில் இருப்பவர், ஒட்டுக்கேட்கச் சொல்லலாம். மூன்று வேலை நாளில் தெரிவித்து, ஏழு வேலை நாளில் ஒப்புதல் வாங்கினால் போதும். குழந்தையைத் தேட நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டும் நிலை இப்போதும் இல்லை, நாளை நீதிபதி அனுமதி என்று வந்தாலும் இதே மாதிரி ஒரு அவசர வழி வைக்க முடியும்.

இப்போது தந்திச் சட்டத்தின் இடத்தில் தொலைத்தொடர்புச் சட்டம் 2023 வந்திருக்கிறது. அதன் ஒட்டுக்கேட்புப் பிரிவான 20(2), 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. புதிய ஒட்டுக்கேட்பு விதிகள் 2024 டிசம்பரில் வந்தன. ஏழு வேலை நாளில் ஒப்புதல் வராவிட்டால் கேட்டதை எதற்கும் பயன்படுத்தக் கூடாது, நீதிமன்றச் சாட்சியமாகக்கூட, என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இது நல்ல மாற்றம். ஆனால் 1996இல் எங்கே விட்டோமோ அங்கேதான் இன்னும் இருக்கிறோம்: உத்தரவிடுபவர் செயலர். மறுஆய்வு செய்பவர்களும் செயலர்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர், மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையில் ஒரு குழு. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு எப்போதாவது சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எங்கும் இல்லை.

#10 தேன்சிட்டு

வாட்ஸ்அப்பில் பேசினால் இதெல்லாம் பொருந்தாதுதானே?

#11 ஸ்விட்ச்ரூம்

பேசியது என்ன என்பதை உங்கள் நெட்வொர்க் நிறுவனம் கேட்க முடியாது. முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிறது, சாவி உங்கள் போனிலும் எதிர்முனைப் போனிலும் மட்டும்தான். ஆனால் எத்தனை மணிக்கு எந்த சர்வரோடு எவ்வளவு நேரம் தொடர்பில் இருந்தீர்கள் என்பது ஐபிடிஆர் என்ற இணையத் தொடர்புப் பதிவில் விழும். 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையை மாற்றி, சிடிஆரும் ஐபிடிஆரும் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஒரு வருஷம்தான். சகோதரியின் 43 பக்கமும் அந்தக் கிடங்கிலிருந்து வந்ததுதான். கிடங்கு எவ்வளவு பெரிதோ, திருட்டும் அவ்வளவு பெரிது.

#12 நீதிமன்றப்படி

வாட்ஸ்அப், மின்னஞ்சல் பக்கம் சட்டமே வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 69. மூன்றாம்வரிசை தம்பி சொன்ன இரண்டு படியில் முதல் படி, அதாவது பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற வாசல், இங்கே கிடையவே கிடையாது. "எந்தக் குற்றத்தையும் விசாரிக்க" என்ற காரணம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. உங்கள் பாட்டி பேசும் லேண்ட்லைனுக்கு இருக்கும் பாதுகாப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு இல்லை. மறையாக்கத்தை நீக்க உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் இந்தப் பிரிவின் கீழ் 10 அமைப்புகளின் பெயரை வெளியிட்டது. உளவுத் துறை, சிபிஐ, என்ஐஏ, ரா, அமலாக்கத் துறை, நேரடி வரிகள் வாரியம், டெல்லி காவல் ஆணையர் எல்லாம் அதில் உண்டு.

மறுஆய்வுக் குழுவுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட ஒரு கேள்விக்கு, மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு சராசரியாக 7,500 முதல் 9,000 தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் பிறப்பிப்பதாகப் பதில் வந்தது. குழு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூடும். நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 அறிக்கையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது: ஒரு கூட்டத்துக்கு 15,000 முதல் 18,000 உத்தரவுகள். நாள் முழுக்க எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு வினாடி கிடைக்காது. அந்த மூன்று பேருக்கும் வேறு முழுநேர வேலை இருக்கிறது.

#13 மூன்றாம்வரிசை

சென்னைத் தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்.

#14 நீதிமன்றப்படி

ஆமாம், அதை விட்டுவிட்டேன். 2011 ஆகஸ்ட் 12 அன்று உள்துறைச் செயலர், சென்னைத் தொழிலதிபர் ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க உத்தரவிட்டார். வருமான வரி அதிகாரிக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் என்ற சிபிஐ வழக்கு. 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். குற்றம் கண்டுபிடிப்பதற்காக ரகசியமாகக் கேட்பது பொது அவசரநிலையும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்றார். ஒட்டுக்கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பதும் தெரியவந்தது. அடிப்படை, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று கொடுத்த புட்டசுவாமி தீர்ப்பு. இந்தச் சென்னைத் தீர்ப்புக்குச் சில நாள் முன்னால்தான் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், பெரிய அளவு ஊழல் பொதுப் பாதுகாப்பைத் தொடும் என்று சொல்லி ஒட்டுக்கேட்பை ஏற்றது. ஆக, கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

மேடம் கேட்டதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தொழிலதிபருக்கு உத்தரவை எதிர்க்க முடிந்தது எதனால்? அவர் மேல் வழக்குப் போட்டு, கேட்டதை ஆதாரமாகக் காட்டியதால். கேட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்ட ஆள், அதாவது தப்பே செய்யாத ஆள், எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. தனக்கு நடந்தது அவருக்கே தெரியாதே! குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கும் பரிகாரம் குற்றமற்றவருக்கு இல்லாத ஒரு சட்டம் இது.

#15 ரைன்கரை

நான் ஜெர்மனியில் 22 வருஷம். இங்கே குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே, பிரிவு 101இல், ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னால் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. விசாரணைக்குக் கேடு வராத நிலை வந்ததும் தெரிவிக்க வேண்டும், 12 மாதத்துக்கு மேலும் தள்ளிப்போட வேண்டுமென்றால் நீதிமன்றம் ஒப்ப வேண்டும். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. சந்தேகத்துக்கு உள்ளானவர் அவர் அல்ல, அவருடைய பழைய கூட்டாளி. இவர் அவரோடு பேசியதால் இவர் குரலும் பதிவாகியிருந்தது. சாதாரண வெள்ளைத் தாள், ஒன்றரைப் பக்கம். எந்த நீதிமன்ற உத்தரவு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எங்கே முறையிடலாம், எத்தனை நாளுக்குள். அதைப் படித்துவிட்டு மனிதர் மூன்று நாள் தூங்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் ஒரு வக்கீலிடம் கொடுக்க முடிந்தது.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதியின் உத்தரவு வேண்டும், முடிந்த 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், நீதிபதி நினைத்தால் தள்ளிப்போடலாம். ஜப்பானிலும் பின்னால் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இதையெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இதே அமெரிக்காவில் உளவுப் பிரிவுக்குத் தனிச் சட்டம், அங்கே கதை வேறு என்று 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ரகசிய ஆவணங்களில் உலகமே பார்த்தது. ஆனால் சாதாரணக் குற்ற விசாரணையில் "பின்னால் சொல்வது" சாத்தியமே இல்லை என்று யாராவது சொன்னால், பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நாடுகள் இருக்கின்றன.

#16 ஓய்வுக்காக்கி

தம்பி, கடிதம் போட்டால் தகவல் கொடுத்தவன் உயிருக்கு ஆபத்து. ஒருவன் போனைக் கேட்டோம் என்று தெரிந்தாலே, யார் அவனைப் பற்றிச் சொன்னது என்று கணக்குப் போட்டுவிடுவான். தீவிரவாத வழக்கில், போதைப் பொருள் வழக்கில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிடிஆர் விஷயத்தில் இந்தக் காரணம் பெரும்பாலும் செல்லாது. வழக்கு எண்ணே இல்லாமல் லிஸ்ட் எடுப்பது எங்கள் காலத்திலும் நடந்தது. "சார் ஒரு நம்பர் பாருங்க" என்று நண்பர்கள் கேட்பார்கள், மேலிருந்தும் கேட்பார்கள். நான் இரண்டு தடவை மறுத்திருக்கிறேன். மூன்றாவது தடவை மறுக்கவில்லை. கேட்டவர் என் மேலதிகாரி. அந்த நம்பர் ஒரு பெண்ணுடையது என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தங்கச்சியின் முதல் பதிவைப் படித்த நாளிலிருந்து அந்த நம்பர்தான் நினைவுக்கு வருகிறது.

சம்பந்தப்பட்டவருக்கு ஒரு வருஷம் கழித்தாவது ஒரு தாள் போகும் என்று தெரிந்திருந்தால், என் மேலதிகாரி கேட்டிருக்கமாட்டார். இது என் அனுபவத்திலிருந்து சொல்வது.

#17 கரிசல்வெளி

ஐயா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

#18 ஸ்விட்ச்ரூம்

தகவல் கொடுத்தவரின் பாதுகாப்பு பற்றி ஓய்வுக்காக்கி ஐயா சொன்னது நியாயம். அதற்குத்தான் தள்ளிப்போடும் அதிகாரம். "ஒருபோதும் சொல்லாதே" என்பதற்கும் "இப்போது சொல்லாதே" என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

பொறியாளனாக நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் அரசு கேட்பதைப் பற்றியே பேசுகிறோம். அரசு கேட்பதற்காக ஸ்விட்சுக்குள், அதாவது அழைப்புகளை இணைக்கும் கருவிக்குள், ஒரு வாசல் கட்டினால், அந்த வாசல் வழியாக வேறு யாரும் வரலாம். 2004-05இல் கிரீஸில் இதுதான் நடந்தது. வோடஃபோன் கிரீஸின் எரிக்சன் ஸ்விட்சுகளில், சட்டப்பூர்வ ஒட்டுக்கேட்புக்காக இருந்த மென்பொருள் பகுதியை யாரோ ரகசியமாக இயக்கிவிட்டார்கள். பிரதமர் உள்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சு மாதக்கணக்கில் வெளியே போனது. எஸ்எம்எஸ் போகாமல் தடங்கல் வந்ததைத் துருவியபோதுதான் கண்டுபிடித்தார்கள், அதுவரை யாருக்கும் தெரியாது. 2024இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சால்ட் டைஃபூன் என்ற ஊடுருவல் வெளியே வந்தபோதும், நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக்கேட்க வைத்திருந்த அமைப்புகள்வரை போயிருந்தார்கள். நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவை எங்களுக்கு இன்னும் கட்டத் தெரியவில்லை.

#19 நீதிமன்றப்படி

மேடம், வேலையைப் பார்ப்போம். வக்கீலிடம் இதைக் கொண்டுபோங்கள்.

ஆவணத்தை ஏற்க எதிர்ப்புத் தெரிவித்து உடனே மனு. மதுரைக் கிளைத் தீர்ப்பை வையுங்கள், உச்ச நீதிமன்றத்தின் 2025 தீர்ப்பையும் நீங்களே முதலில் சொல்லி வேறுபடுத்துங்கள். எதிர்த்தரப்பு சொல்லி நீங்கள் பதில் சொல்வதைவிட அது நல்லது. சான்றிதழைத் தனியாகத் தாக்குங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63(4) கேட்பது, அந்தக் கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கையெழுத்தும் நிபுணரின் கையெழுத்தும். நிறுவனத்தின் சர்வர் உங்கள் கணவரின் பொறுப்பில் இல்லை.

அதோடு, நிறுவனத்தின் நோடல் அதிகாரியை ஆவணங்களோடு அழைக்கச் சொல்லி இன்னொரு மனு. உங்கள் நம்பருக்கு இந்தக் காலத்தில் வந்த எல்லாக் கோரிக்கைகளும், அனுப்பிய முகவரி, தேதி, கோரிக்கை எண். காவல் துறையில் தனியாகப் புகார் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 72ஏ, ஒப்பந்தத்தை மீறித் தனிப்பட்ட தகவலை வெளியிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை. தொலைத்தொடர்புச் சட்டம் 2023 பிரிவு 42ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள்.

#20 ஸ்விட்ச்ரூம்

ஒரு திருத்தம். அழைப்பதற்கு முன்னால், கோரிக்கைப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். சிடிஆரை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. அதைக் கேட்டு வந்த மின்னஞ்சலை அத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். அப்புறம், அந்த 43 பக்கத்தின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கீழும் பாருங்கள். தலைப்பிலோ அடியிலோ கோப்பின் பெயர், உருவாக்கிய நேரம், ஏதாவது எண் இருக்கும். அவசரத்தில் அச்சடிப்பவர்கள் அதை மறைக்க மறந்துவிடுவார்கள்.

#21 கரிசல்வெளி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மூன்று மனுவும் போட்டாயிற்று. பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, நோடல் அதிகாரிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. காவல் நிலையத்தில் புகாரை வாங்கி ரசீது கொடுத்தார்கள், வழக்குப் பதிவு இன்னும் ஆகவில்லை.

ஸ்விட்ச்ரூம் அண்ணா, 17ஆம் பக்கத்தின் அடியில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு கோப்புப் பெயர் இருக்கிறது. என் நம்பரின் கடைசி ஆறு இலக்கம், அடிக்கோடு, ஒரு தேதி, பிறகு "ஆர்இக்யூ" என்ற எழுத்துகளோடு ஏழு இலக்க எண். தேதி, நான் வீட்டை விட்டு வெளியே வந்த நாளுக்கு அடுத்த நாள். அந்த எண்ணை மனுவில் சேர்த்துவிட்டோம்.

#22 ஓய்வுக்காக்கி

தங்கச்சி, புகார் ரசீதின் தேதியை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வழக்குப் பதிவு செய்யாமல் இழுத்தால் எஸ்.பி.க்கு எழுத வேண்டிய மனுவை நான் எழுதித் தருகிறேன். அதன் வாசகம் எனக்கு மனப்பாடம்.